சித்தியின் பல், நீல விளக்கில்

சித்தியின் பற்களில் பழுப்புக் கோடுகள் இருந்தன. அவளும் அம்மாவும் வளர்ந்த கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படி. அந்தத் தெருவில் யார் வாயைத் திறந்தாலும் அதே கோடு. சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் அம்மாவின் பல்லை யாரும் பார்க்கவில்லை. சித்திக்கு வெளியில் வரன் தேடினார்கள். முதலில் வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய், "பொண்ணுக்குப் பல் வெளக்குற பழக்கம் இல்ல போல" என்று சொல்லியனுப்பினார்கள்.

அதன்பின் சித்தி குச்சியால் ஒருமுறை, பொடியால் ஒருமுறை, காலையும் மாலையும் தேய்த்தாள். ஈறு கிழிந்தது. கோடு அப்படியே இருந்தது.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் தங்கி அவள் ஒரு ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பல் முகாம். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா. எனக்குப் பதினோரு வயது, நானும் போனேன். ஜன்னல்களில் தோலைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள். நாக்கில் மஞ்சள் சொட்டு, வாய் கொப்பளிப்பு, அப்புறம் நீல விளக்கு. பல்லில் அழுக்கு படிந்த இடம் பச்சையாக ஒளிரும், சுத்தமான இடம் மங்கலாகத் தெரியும் என்றார் டாக்டரம்மா.

அரிசி மாதிரி வெள்ளை என்று எல்லோரும் மெச்சிய என் பல், ஈறோரமெல்லாம் மின்மினி. சித்தியின் வாயில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

"இவ்ளோ சுத்தமான பல்லை இன்னிக்கு நான் பாக்கலம்மா. கோடெல்லாம் தண்ணியால வந்தது. உன் மேல தப்பே இல்ல."

யாரிடமும் எதுவும் கேட்காத சித்தி, அன்று கேட்டாள். "அத போட்டோ புடிச்சுத் தர முடியுமா டாக்டர்?"

டாக்டரம்மா என் பல்லையும் சேர்த்தே எடுத்தார். சில நாளில் இரண்டு படங்கள் தபாலில் வந்தன, அவளுடையதும் என்னுடையதும். கீழ்வரிசை முன்பற்கள் மட்டும்; பெயர் இல்லை. படங்கள் வந்த அன்று மாலையே குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. சித்தி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

அப்பா தோல் கிடங்கில் தரம் பிரிப்பவர். தோலை ஜன்னல் பக்கம் சாய்த்து, மினுமினுப்பைப் பார்த்து, முதல் ரகம், கழிசல் என்று தூக்கிப் போடுவார். படங்களையும் அப்படியே சாய்த்தார்.

"இது பாரு, இன்னா பளபளப்பு! ஃபர்ஸ்ட் செலக்ஷன். இதான் சித்தியோடது. அந்த மங்கல் ஒன்னுது. ஒழுங்கா பல் வெளக்கு."

எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் அழுக்கென்று பேர் வாங்கிய என் பல்லை அப்பா முதல் ரகம் என்கிறார். அதோடு, மின்னினால்தான் அவர்களுக்கும் பிடிக்கும், சித்திக்குக் கல்யாணம் ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

சித்தி வேலையிலிருந்து வந்து அடுப்படிக்குள் நுழைந்ததுமே அவர்கள் வந்தார்கள். பல்லில் கறை என்று கேள்விப்பட்டதைக் கேட்டார்கள். அப்பா படத்தை நீட்டினார்.

"டாக்டரே லைட் அடிச்சுப் புடிச்சது. சுத்தம்னு செர்டிபிகேட் மாதிரி."

மாப்பிள்ளையின் அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "அட, கல்லு வெச்ச மாதிரி ஜொலிக்குது! அப்ப வெளிக்கறைதான். எங்களுக்குச் சம்மதம்."

பஜ்ஜித் தட்டோடு வந்த சித்தி படத்தை எட்டிப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள். அலமாரியில் அப்பா வைத்திருந்த தபால் உறையை எடுத்து, மங்கலான படத்தை நீட்டினாள்.

"இதுதாங்க என்னோடது. மின்னுறதுதான் அழுக்கு. என் வாயில அது இல்ல."

"கறுப்பா இருந்தா சுத்தம், மின்னுனா அழுக்கா? யாருக்கும்மா காது குத்துற?"

"டாக்டரம்மா சொன்னது அது. நம்புனா நம்புங்க."

அவர்கள் நம்பவில்லை. எழுந்துவிட்டார்கள். அப்பா தெருமுனை வரை பின்னாலேயே போய்ப் பார்த்தார். அம்மா சமையலறையில் அழுதாள்.

"சரின்னு சொல்லிட்டாங்களே சித்தி, ஏன் மாத்தினே?" என்றேன்.

"அவங்க சரின்னது ஒன் பல்லடி. வேணும்னா நீ போய்க் கட்டிக்கோ."

அப்படிச் சொல்லிவிட்டு, வந்தவர்கள் தொடாத பஜ்ஜித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சட்னியில் தோய்த்துத் தோய்த்து, ஒவ்வொன்றாக, நிதானமாகத் தின்றாள். ஒன்றை என் கையிலும் திணித்தாள். வரன் தட்டிப்போன துக்கத்தில் இருப்பவளுக்கு இவ்வளவு பசி எப்படி எடுக்கிறது என்று, கையிலிருந்ததைக் கடிக்கப் பயந்து, நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.