பட்ட பாதியை வெட்ட மாட்டேன்

அந்த மரத்தில் பாதி செத்துப்போயிருந்தது எனக்கும் தெரியும். எனக்கும் கண் இருக்கிறது. அதையே ஆளாளுக்கு வந்து எனக்கு எடுத்துச் சொன்னார்களே, அதுதான் எரிச்சல்.

ஹெப்பாளில் ஒரு பெரிய கம்பெனியில் தோட்ட வேலை பார்க்கிறேன். காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக் கட்டுவதற்காக ஜேசிபி வந்து ஓரத்து மரங்களைப் பிடுங்கிப் போட்டது. அதில் ஒன்று ஆயா மரம். கன்னடத்தில் தபசி; போன்சாய் வளர்க்கிறவர்கள் இந்தியன் எல்ம் என்பார்கள். வருஷா வருஷம் யாரோ வெட்டி வெட்டி, இடுப்புக்கு மேல் வளரவே விடாத கட்டை. அடி தண்ணீர்க் குடம் பருமன். ஒரு பக்கம் பட்டை உரிந்து, கரையான் அரித்து, கை நுழைகிற அளவுக்குப் பொந்து. மறுபக்கம் நகத்தால் சுரண்டினேன், பச்சை தெரிந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். “விறகுக்கா? எடுத்துட்டுப் போம்மா” என்றார். ஆமாம் என்று பொய் சொல்லி வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் டைல்ஸ் மேஸ்திரி. அவர் வார்த்துக் கொடுத்த சிமெண்டுத் தொட்டியில் மரத்தை வைத்து, நாலு பேர் முக்கி முனகி மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. பச்சைப் பக்கம் கிளை விட்டது. கம்பி சுற்றி வளைத்தேன், கிள்ளிக் கிள்ளி இலையைச் சிறிதாக்கினேன். கம்பெனியின் போன்சாய்த் தட்டுகளும் என் பொறுப்புதான். பட்ட கட்டையை அறுத்து எறியாமல் செதுக்கி, வெளியே தெரியும்படியே வைப்பார்கள் என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டேன். இதையும் அப்படித்தான் செதுக்க நினைத்திருந்தேன்.

அப்போதுதான் என் நாத்தனார் விஜயநகரிலிருந்து வந்தார். அவருடைய மகளுக்கு ஏழாம் மாதம். எங்கள் மாடி பெரிது, ஷாமியானா போட்டு வளைகாப்பு அங்கேயே வைக்கலாம் என்று இடம் பார்க்க ஏறியவர், மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, பட்ட மரத்தப் போயி வீட்டு மேல வெச்சிருக்க?”

“பாதிதான் அண்ணி பட்டிருக்கு. மீதி நல்லா இருக்கு.”

“பாதியோ முழுசோ! புள்ளத்தாச்சிப் பொண்ணு உக்கார்ற எடம். விசேஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்த வெட்டி எறி, இல்ல மரத்தையே தூக்கி எறி. இத வெச்சுக்கிட்டிருந்தா உன் வயித்துல எப்படித் தங்கும்?”

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். குழந்தை இல்லை. மரம் வந்து இரண்டு வருஷம். “மீதி ஒம்பது வருசம் எந்த மரம் அண்ணி காரணம்?” என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல” என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

வெட்டுவது என்ன, பத்து நிமிஷ வேலை. ஆனால் பச்சைப் பக்கம் பட்ட பக்கத்தின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. அதை எடுத்தால் இதுவும் முறிந்து விழும். இதை யாரிடம் சொல்ல? “அக்கா சொல்றதுக்காக...” என்று வீட்டுக்காரர் இழுத்தார். வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், மனுஷர் மாடியில் பூச்சுக் கரணையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பொந்து முழுக்க சிமெண்டு. காவிப் பொடி கலந்து, மட்டமாகப் பூசி, ஆணியால் பட்டை மாதிரிக் கோடு கூடப் போட்டிருந்தார்.

“பாரு, பட்ட எடமே தெரியல. அக்காவும் வாய மூடிக்கும், உன் மரமும் நிக்கும்.”

அடப்பாவி மனுஷா! வேலை அவ்வளவு சுத்தம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

“உள்ள ஈரம் மாட்டிக்கிட்டா மிச்சமும் அழுகிப் போயிடும்ங்க. அப்புறம் எதுக்கு மறைக்கணும்? நாளைக்கு அக்கா என்னைப் பாத்துட்டு மொகம் சுளிச்சா எனக்கும் பூசி விட்டுடுவீங்களா?”

நான் சுத்தியலையும் உளியையும் எடுத்தேன். சிமெண்டு மேலே இறுகியிருந்தது, உள்ளே இன்னும் ஈரம். “பேடா பேடா, வேணாம், நானே எடுக்கறேன், விடு” என்று கையை நீட்டினார். “தொடாதீங்க” என்றேன். ஒரு பக்கெட் நிறையக் கொத்தி எடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, செதுக்க உட்கார்ந்தேன். முதலில் பச்சை எங்கே முடிகிறது என்று சுரண்டிப் பார்த்து, அதற்கு ஒரு விரல் தள்ளி சாக்பீஸால் கோடு போட்டேன். உயிர் இருக்கிற பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். உளுத்ததைப் பழைய கரண்டியால் சுரண்டினேன். கெட்டி வந்ததும் அவர் டைல்ஸ் அறுக்கிற சின்ன கிரைண்டரைப் பிடித்தேன். ஆயா மரத்தை அறுத்தால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், குடலைப் பிரட்டும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். ரேகை ஓடுகிற வழியிலேயே ஓட்டினால் கட்டை தானாகவே வரி வரியாகப் பிளந்து கொடுக்கிறது. எதிர்த்து ஓட்டினால் கிரைண்டர் எகிறுகிறது. ஒரு தடவை எகிறி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டிப் பச்சையில் பட்டுவிட்டது. ஒரு நகம் அகலம். ஈரம் கசிந்தது. கிரைண்டரை அணைத்தேன். அண்ணி தூக்கி எறியச் சொன்ன மரத்தை நானே கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன். விளிம்பைக் கத்தியால் சுத்தமாகச் சீவி, மருந்து தடவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிரைண்டரை ஓட்டினேன். சாயங்காலம், கட்டை இனி உளுத்துப் போகாமலிருக்க, கந்தகமும் சுண்ணாம்பும் காய்ச்சிய தண்ணீரைப் பூசினேன். நாலைந்து நாளில் பட்ட பாதி எலும்பு போல வெளுத்துவிட்டது. மாடிக் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிந்தது. தெரியட்டும்.

அண்ணி இவருக்குப் போன் போட்டுக் கேட்டார்: “மரம் போச்சா?”

நான் இவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். “இருக்கு அண்ணி. முன்ன விட நல்லாவே தெரியுது.”

வளைகாப்பு ஒரு மண்டபத்துக்கு மாறிற்று. இவரை மட்டும் வரச் சொல்லித் தகவல் வந்தது. இருக்கட்டும் என்றேன், ஆனால் ஆறவில்லை. சின்னதிலிருந்து நான் தலை பின்னி விட்ட பெண் அவள்.

வளைகாப்பு அன்று காலை இவர் புதுச் சட்டை போடவில்லை. வேலைச் சட்டையோடு, டிரில் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைப் பொந்தில் ஊற்றிக் குனிந்து பார்த்தார்.

“தண்ணி நிக்குது பாரு. ஸ்லோப் இல்ல. பாத்ரூம் தரைக்கே ஸ்லோப் குடுப்போம், நீ இதுக்குக் குடுக்காம விட்டுட்டியே.”

சரிதான். அது எனக்குத் தோன்றவேயில்லை. சாக்பீஸை எடுத்து எங்கே துளை போடலாம் என்று காட்டினேன். பச்சைக்குப் படாமல் அடிப்பக்கம் சாய்வாகத் துளைத்தார். மறுபடி ஊற்றினோம். தண்ணீர் பின்பக்கமாக ஒழுகிப் போயிற்று.

டிரில்லைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “அக்கா கேட்டா நான்தான் செதுக்கினேன்னு சொல்லிடறேன். உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“ஒண்ணும் வேணாம். நான் செதுக்கினது. அவதான்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

போனை எடுத்து அவர் கையில் வைத்தேன். தயங்கினார். அப்புறம் நம்பரைப் போட்டார். அந்தப் பக்கம் மண்டபத்து நாதஸ்வரம் கேட்டது.

“அக்கா, நான் வரல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம். அந்த மரத்த அவதான் செதுக்கினா. ரொம்ப நல்லா இருக்கு. ஒரு நாள் வந்து பாரு.”