மூன்று முறை சரிபார்த்தவள்

1983-ஆம் வருடம், காரைக்கால். தஞ்சாவூரில் மூன்று வருட நர்சிங் படிப்பை முடித்துவிட்டு, கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. பயிற்சி தொடங்குவதற்குள், அவசர நோயாளிகள் வரும் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வேலை பார்த்து, அங்குள்ள டாக்டரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். கடிதம் போகவில்லை என்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். மானிட்டர், வென்டிலேட்டர் எல்லாம் நான் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

காரைக்காலில் ஒன்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பகல் நேர வேலை கிடைத்தது. டாக்டர் கண்டிப்பானவர். பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் யாராவது வந்தால் மட்டும் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசிச் சிரிப்பார், மற்ற நேரமெல்லாம் முகம் இறுகியே இருக்கும். முதல் நாளே அவசர மருந்துத் தட்டை என் பொறுப்பில் விட்டார். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே எடுக்க வேண்டிய ஊசி மருந்துகள், விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகளாக அதில் அடுக்கியிருக்கும். காலையில் எண்ணி வாங்கும் அவற்றை, மாலையில் வரும் நர்சிடம் எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் நான் பஸ் ஏற வேண்டும்.

எனக்கு எதிலும் சந்தேகம், அது என் பிறவிக் குணம். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்த இந்தக் குணத்தை நர்சிங் பள்ளியில் மெச்சினார்கள். மருந்தை எடுக்கும்போது ஒரு முறை, ஊசியில் ஏற்றும்போது ஒரு முறை, குப்பியைக் கீழே வைக்கும்போது ஒரு முறை என்று பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே பாடம். நானோ நான்காவது முறையும் பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், மாலையில் எண்ணும்போது அட்ரினலின் குப்பி ஒன்று குறைந்தது. டாக்டர் வேறொன்று வாங்கி வைத்தார். பத்து நாள் கழித்து அட்ரோபின் ஒன்றைக் காணோம். இந்த முறை, "ஒன் பொறுப்புல இருக்கறது, பாத்துக்க" என்றார். நற்சான்று எழுதப் போகிறவரே அவர்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பகலில் அங்கே வேலை பார்ப்பவர்கள் நானும் ஆயாவும் மட்டும்தான். ஆயா என்றதும் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேலைக்கு வைத்த பெயர். மீனவர் கிராமமான கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். அந்தத் தங்கச்சி இப்போது அவரை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையை அவர் யார் கண்ணிலும் படவிடுவதில்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பையைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறார். திரும்பும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறார். போதாததற்கு, "இது எதுக்குப் போடுற மருந்து தங்கச்சி?" என்று குப்பிகளைக் காட்டி வேறு கேட்டிருக்கிறார். எல்லாம் எனக்குப் பொருந்தி வந்தது.

தட்டை ஒரு துணியால் மூடி, வெள்ளை நூலால் கட்டி, எனக்கு மட்டும் தெரிந்த விதமாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன். ஒரு வாரம், நான் அவிழ்க்கும்போதெல்லாம் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை மாலை எண்ணியபோது அட்ரோபின் ஒன்று குறைந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்ததோ வேறு. வலை பின்னுகிற வீட்டுப் பெண், அவருக்குத் தெரியாத முடிச்சா என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. மதியம் குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்துப்போய் ஒருவர் வந்தார். தட்டைத் திறந்து அட்ரினலின் போட்டு அனுப்பினோம். மூன்றில் ஒன்று போக இரண்டு பாக்கி என்று எழுதிவிட்டு முடிச்சைப் போட்டேன். மூன்று மணிக்குப் பட்டினச்சேரியிலிருந்து ஒரு படகுக்காரரைத் தூக்கி வந்தார்கள். கடுமையான மூச்சிழுப்பு, உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஒரு அட்ரினலின் போட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து இன்னொன்று கேட்டார். தட்டில் கை விட்டேன். இல்லை. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நான் அசையுமுன் ஆயா மருந்துப் பெயரைக் கேட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மருந்துக் கடைக்கு ஓடினார். ஓடின சுருக்கில் குப்பியோடு வந்து நின்றார். படகுக்காரர் பிழைத்தார். அவர் மனைவி ஆயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதபோது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாள், எங்கேயோ ஒளித்து வைத்திருந்ததைத்தான் எடுத்து வந்திருக்கிறாள். இதை டாக்டரிடம் சொல்லவும் செய்தேன்.

டாக்டர் ஆயாவைக் கூப்பிட்டுப் பையைக் காட்டச் சொன்னார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுருக்குப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் புகையிலை. "பொயலதாங்க டாக்டர். வார்டுல போடக்கூடாதும்பீங்கன்னு கொல்லையில போய்ப் போட்டுட்டு வாய் கொப்புளிச்சிட்டு வருவேன்" என்றார். டாக்டருக்கு ஏற்கெனவே கோபம். புகையிலைக்கு இங்கே இடமில்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். ஆயா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. மற்றக் குப்பிகளை முன்பே விற்றிருப்பாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னைக்குப் பெட்டி அடுக்க உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதற்காக, கழுத்து அறுத்த காலிக் குப்பிகளை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்தேன். பெயர்கள் மனதில் பதிந்த பிறகு அதைத் திறக்கவே இல்லை. அன்று தூக்கிப் போடலாம் என்று கவிழ்த்தேன். காலிக் குப்பிகளுக்கு நடுவே, கழுத்து அறுபடாத முழுக் குப்பிகள் நான்கு உருண்டன.

அம்மாவைக் கேட்டேன். என் சீருடையை நீலம் போட்டு அலசுவது அம்மாதான். "ஒன் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. பஞ்சு சுத்திப் பத்திரமா வெச்சிருந்தியே, படிக்கக் கொண்டாந்திருப்பேன்னு டப்பாவுல போட்டேன்" என்றார்.

எல்லாம் விளங்கிவிட்டது. ஊசி போடப் போகும்போது, ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு குப்பியைப் பஞ்சில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது என் வழக்கம். கத்தரி, தெர்மாமீட்டர் கூடு, பிளாஸ்டர் என்று பிதுங்கும் அந்தப் பாக்கெட்டில் அது இருப்பதே மறந்துவிடும். எழுதும்போது போட்ட ஊசியை மட்டும் கழித்திருக்கிறேன். குளவி கொட்டியவருக்காக வியாழக்கிழமை மதியம் எடுத்ததும் அப்படித்தான். படகுக்காரர் மூச்சுக்குத் தவித்தபோதும், ஆயா வெறுங்காலோடு ஓடியபோதும் அந்தக் குப்பி என் இடுப்புக்குக் கீழே இருந்திருக்கிறது.

மறுநாள் டப்பாவோடு போனேன், சொல்லிவிடத்தான் போனேன். அதற்குள் டாக்டர், டைப் அடித்துக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பொறுப்பானவள், கவனமானவள் என்று இருந்தது. நான் அதை வாங்கிப் பைக்குள் வைத்தேன். நன்றி சொன்னேன். வாசல் வரை போய்விட்டேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவளுக்கு அன்றும் தெருவைத் தாண்ட முடியவில்லை. திரும்பி வந்து டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

டாக்டர் அந்த நான்கு குப்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்தார். "கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஆனா எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? பையக் கொட்டிக் காட்டினது அந்தம்மா. நானும்தான் அவசரப்பட்டுட்டேன். வரச் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

கிளிஞ்சல்மேட்டில் வீட்டு வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார் ஆயா. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க சிஸ்டர். இன்னும் என்ன காணாமப் போச்சு?" என்றார். தங்கச்சி போய்விட்டது. நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சர்டிபிகேட்டு வாங்கறதுக்கு முன்னாடி சொன்னீங்களா, பின்னாடியா?"

"பின்னாடிதான்" என்றேன்.

"அதானே" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடக் குனிந்தார். நான் கிளம்பும்போது, "நாளைக்கு வர்றேன்னு டாக்டர்ட்ட சொல்லுங்க. ஒங்களுக்காக இல்ல" என்றார்.

வந்தார். எனக்கு அங்கே இன்னும் ஒரு வாரம் வேலை இருந்தது. அந்த ஏழு நாளும் மாலையில் நான் கிளம்பும் நேரத்தில் ஆயா வாசற்படியில் வந்து நின்று உள்ளங்கையை நீட்டுவார். நான் என் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் அதில் எடுத்து வைப்பேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். கடைசி நாளும் அப்படித்தான். "போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான்.

பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலேயே என் காலம் ஓடியது. என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்கள், வேலை முடிந்ததும் நான் பாக்கெட்டைத் திருப்பி உதறுவதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஓய்வு பெற்றுச் சீருடையே இல்லாத இந்த நாளிலும், வீட்டில் ஏதாவது காணவில்லை என்று யார் முகத்தையாவது சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும்போது, புகையிலை மணக்கும் அந்த உள்ளங்கை என் முன்னால் நீள்கிறது, நானும் முதலில் என் பையைத்தான் கொட்டிப் பார்க்கிறேன்.