வாளி அண்ணனும் பிடித் தம்பியும்

வாளிப் பட்டறையைப் பாதியாகப் பிரித்தால் என்ன கிடைக்கும்? ஒரு பக்கம் பிடியில்லாத வாளி, மறுபக்கம் வாளியில்லாத பிடி. சிரிப்புத்தான் வரும். ஆனால் புதிய வரிச்சட்டம் வந்த வருஷம் அண்ணன்காரரான பெரியவர் அப்படித்தான் பிரித்தார். சின்னப் பட்டறை என்றால் வரிச் சலுகை. கொஞ்சம் பெரிதானாலும் முழு வரி. அப்பா தொடங்கிய பட்டறை வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. வளர்ந்தது ஒரு குற்றமா என்று புலம்பித் தீர்த்துவிட்டு, வாளி இயந்திரங்களைத் தன் பெயரிலும் பிடி இயந்திரத்தைத் தம்பி பெயரிலும் எழுதி, நடுவே பலகைத் தடுப்பு அடித்தார்.

"எல்லாம் காகிதத்துலதான்டா," என்றார். தம்பியும் சிரித்தபடி ஆணி எடுத்துக் கொடுத்தான்.

சோதனைக்கு வந்த அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை.

"ஒரே கூரை, ஒரே கரண்ட். கூடப்பொறந்தவங்க வேற. யார் காதுல பூ சுத்துறீங்க?"

பெரியவருக்கு வியர்த்துவிட்டது. சலுகை கிடைக்காவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். சட்டென்று சண்டைக்காரராக மாறினார்.

"கூடப்பொறந்தவனா? எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது சார். அப்பா கண்ண மூடுறப்போ பக்கத்துல இல்லாதவன் சார் இவன்!"

தம்பி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அதிகாரி தர்மசங்கடத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அப்பா இறந்த அன்று தம்பி வெளியூரில் இருந்தது உண்மைதான். புது வாளிக்கு அச்சு வாங்கிவர அனுப்பியதே பெரியவர்தான்.

தம்பி சண்டை போடவில்லை. போட்டிருந்தாலாவது தேவலை. நேரத்துக்குப் பிடி வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. மதியச் சாப்பாட்டை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கமே முடித்துக்கொண்டான். இந்தப் பக்கம் பெரியவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார்.

"சும்மா நடிச்சேன். அதுக்குப் போய்..." என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"நடிக்க வேற வசனமே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் அவள்.

மறு வருஷம் அரசாங்கம் மனம் மாறி, வரம்பை உயர்த்தியது. சேதி கேட்டதும் பெரியவர் சுத்தியலோடு ஓடினார். தடுப்பின் முதல் ஆணியைப் பிடுங்கிப் போட்டார்.

"இனிமே இது எதுக்குடா? ஒண்ணாயிடலாம். அன்னைக்கு நான் பேசினது வெறும் நடிப்புடா."

"தெரியும்ணே." தம்பி இயந்திரத்தை நிறுத்தினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அப்பா என்னைத் தேடினாரா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பலகையும் விழும், தம்பியும் வந்துவிடுவான். ஆனால் இன்னொரு பொய்க்கு நாக்கு எழவில்லை.

"தேடினாரு. நினைவு இருந்த வரைக்கும் உன்னையேதான் கேட்டாரு. போன் பண்ணா நீ அச்சு வாங்காம ஓடி வந்துடுவியேன்னு... நான்தான் பண்ணல."

தம்பி அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். குனிந்து, கீழே கிடந்த ஆணியை எடுத்து, அதே ஓட்டையில் வைத்து அடித்தான்.