சித்தி வைத்த பந்தயம்

மண்ணெண்ணெய் அடுப்பை ஊதி அணைத்ததும் எழுமே ஒரு புகை, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த வாசனை. அதோடு பதனிட்ட தோலின் வாசனையும் சேர்ந்துவிட்டால் போதும், நாற்பது வருடம் எங்கே போகிறதென்று தெரியாது. நான் ஏழு வயதில், ஓடுகிற வேனுக்குள், மெத்தைமேல் குப்புறப் படுத்திருப்பேன்.

அது ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்காக மாமா ஓட்டிய வேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். காலாண்டு விடுமுறையில் முதலாளியைக் கேட்டு மூன்று நாளைக்கு வாங்கி வந்தார். தோல் கட்டுகளை இறக்கி, பினாயில் ஊற்றிக் கழுவி, அம்மாவின் பழைய புடவையை ஜன்னலுக்குத் திரையாகக் கட்டி, மெத்தை, அடுப்பு, தண்ணீர்க் குடம் என்று வீடே சக்கரத்தின்மேல் ஏறிக்கொண்டது. எத்தனை கழுவியும் தோல் வாசனை போகவில்லை. அது எங்களுக்கு உறைக்கவும் இல்லை. நிறுத்திய இடமெல்லாம் நாய்கள் வந்து வேனைச் சுற்றிச் சுற்றி மோந்தபோதுதான் தெரிந்தது.

பயணம் சித்திக்காக. வேலூரில் நர்ஸாக இருந்த அம்மாவின் தங்கை, குவைத்துக்கு வேலைக்குப் போகிறாள். மூன்றாம் நாள் சாயங்காலம் காட்பாடியில் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், அப்புறம் விமானம். "குடும்பத்துக்காகப் போறா" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்கோ அவள் போகக் கூடாது. அவள் போய்விட்டால் யார் எனக்குத் தலை பின்னுவது, யார் பக்கத்தில் படுத்துக் கால் போட்டுக்கொள்வது?

கடைசி நாள் காலை வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு மலையடியில் வேன் நின்றது. உச்சியில் புல்கூட முளைக்காத மொட்டைப் பாறை. உப்புமா சாப்பிடும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"போவாத சித்தி."

மூன்று நாளாகக் கேட்டு அலுத்துப்போயிருப்பாள். "சரி, யாரும் தூக்காம நீயே அந்த உச்சிப் பாறைமேல ஏறி நின்னுட்டா நான் போகல. போதுமா?" என்றாள்.

"இன்னா பேசற நீ, டிக்கெட்டு எடுத்தாச்சு" என்றாள் அம்மா.

சித்தி சிரித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முழங்கால் வலியென்று அம்மா வேனிலேயே தங்கினாள். அப்பா, மாமா, சித்தி, நான் என்று நான்கு பேர் ஏறினோம். கொஞ்ச தூரம்தான் மரம். அப்புறம் வெறும் பாறை, பாறைமேல் வெயில். மாமா தண்ணீர்க் கேனைத் தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டு, "இன்னா தோஸ்த், தூக்கட்டுமா? யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று பின்னாலேயே வந்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் ஆட்டின் ஆயுசையே சொல்லிவிடுவார். பாதி வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வழி கேட்டோம். அவள் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே அப்பாவின் கை தன்பாட்டுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளாட்டின் முதுகில் ஓடியது.

"மூணாந்தரம்" என்றார், ரொம்பப் பொறுப்பாக. "முதுகெல்லாம் முள்ளுக் கீறல்."

"இன்னாய்யா, அது இன்னும் மேஞ்சினு இருக்குது. அதுக்குள்ள உரிச்சிட்ட?" என்றாள் அவள்.

"கோச்சிக்காதம்மா" என்றார் மாமா. "எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவே இவரு மொதல்ல பாத்தது என் செருப்பத்தான்."

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்து சிரித்தாள். அப்பாவும் வெட்கத்தோடு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உட்கார்ந்தால் தோற்றதாகிவிடுமோ என்று நான் மட்டும் உட்காரவில்லை.

அதற்குமேல் சித்தியிடம் சிரிப்பு குறைந்தது. பாறை சுட்டது, நான் கையையும் ஊன்றி நாலு காலில் ஏறினேன், முழங்கால் சிராய்த்து எரிந்தது. "தூக்கிக்கட்டுமா கண்ணு?" என்றாள். வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவை அவள் கேட்டபோது அப்பா மெதுவாக, "அவ நம்பிட்டாம்மா. ஒழுங்கா சொல்லிடு" என்றார்.

உச்சிப் பாறை ஓர் ஆள் உயரம். பக்கவாட்டில் யாரோ எந்தக் காலத்திலோ செதுக்கிய குழிகள். முதல் குழியில் கால் வைத்தேன். இரண்டாவதில் வைத்தேன். ஒரு கை மேல் விளிம்பைப் பற்றிவிட்டது, காற்று முகத்தில் அடித்தது, இன்னொரு காலைத் தூக்கிப் போட்டால் ஆயிற்று. அப்போது என் அக்குள்களுக்குள் இரண்டு கைகள் வந்தன. ஒரே தூக்கு. நான் உச்சியில் இருந்தேன்.

பின்னாலேயே சித்தியும் ஏறி வந்து நின்றாள். கீழே பாலாற்று மணல் ஒரு வெள்ளைக் கோடு, புளியமரத்தடியில் எங்கள் வேன் ஒரு தீப்பெட்டி. அவள் இதையெல்லாம் பார்க்கவில்லை. வானமும் மண்ணும் ஒட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை படபடவென்று அடித்தது, அதைப் பிடிக்கவும் இல்லை. வீட்டில் அவளுக்கு அந்த முகம் இருந்ததில்லை. போக ஆசைப்படுகிறவர்களின் முகம் எப்படி இருக்குமென்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: தூக்கியாகிவிட்டது, ஒரே ஒரு பாறையில் தோற்றுவிட்டேன். தோற்றவர்கள் அழக் கூடாதென்று அழாமல் புளிசாதம் தின்றேன். பசிக்கு அது அமிர்தமாக இருந்தது. இறங்கும்போது மாமாவின் தோள்மேல் ஏறிக்கொண்டேன். இனி யார் தூக்கினால் என்ன.

காட்பாடியில் ரயில் வந்தது. மெட்ராஸ்வரை துணைக்குப் போக அப்பாவும் ஏறிக்கொண்டார். மாமா என்னை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கம்பிகளுக்கு நடுவே சித்தி என் கன்னத்தைத் தொட்டாள்.

"அந்த ஒரு பாறைதான் சித்தி. மத்ததெல்லாம் நானேதான் ஏறினேன்" என்றேன்.

அவள் சொன்ன பதிலை, தோற்ற பிள்ளைக்குச் சொல்கிற ஆறுதல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"அதையும் நீயே ஏறியிருப்படி. நான்தான் தூக்கிட்டேன்."