கல்யாணப் பட்டியலில் பானை மட்டும்

நோல்ஃபாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் அடுப்படியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். லினாரெஸில் எங்கள் தெருவுக்கு அவள் குடிவந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். பழ சீசனில் ஆப்பிள் கிடங்கில் நின்று பழம் தரம் பிரிப்பாள். மழைக் காலத்தில் வீட்டிலேயே எம்பனாடா என்கிற கறி அடைத்த ரொட்டி சுட்டு, கூடையில் துணி போட்டு மூடி, ஆஸ்பத்திரி வாசலில் விற்பாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வாயும் அப்படித்தான்.

அவள் குடித்தனம் நடத்தியது பஸ் ஓட்டுகிற எவாரிஸ்தோவோடு. ஒரு பையனைப் பெற்று, ஆளாக்கி, வடக்கே சுரங்க வேலைக்கும் அனுப்பிவிட்டாள். ஆனால் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள், எல்சிரா என்று. அவள் கோபித்துக்கொண்டு ரங்காகுவாவில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் காகிதத்தில் அவள்தான் மனைவி. எங்கள் நாட்டில் விவாகரத்துக்கு ஒரு சட்டம் வந்ததே இப்போதுதான். அதுவரை பாதித் தெரு இப்படித்தான் வாழ்ந்தது. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணம் ஆகாதது நோல்ஃபாவை அவ்வளவாக உறுத்தவில்லை. பானைகள்தான் உறுத்தின. பயறு வேகவைக்கிற பெரிய பானை, கஸுவேலாக் குழம்பு வைக்கிற நடுப்பானை, பொரிக்கிற சட்டி, வெந்நீர்க் கெட்டில், எல்லாமே எல்சிரா விட்டுவிட்டுப் போனவை. நீலப் பீங்கான் பூச்சு, விளிம்பெல்லாம் பூச்சு உதிர்ந்து கறுத்துக் கிடக்கும். அவள் விட்டுப் போனபோது என்ன சொன்னாள் என்று, நோல்ஃபா குடிவந்த முதல் வாரமே எவாரிஸ்தோ இவளிடம் சொல்லியிருக்கிறான்.

"'வரப்போறவ என் எச்சில் பானையிலேயே பொங்கித் தின்னட்டும்'னு சொல்லிட்டுப் போனா. நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லலாமா ஒரு மனுஷன் இதை? சொன்னான். அன்றிலிருந்து அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை நோல்ஃபாவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. புதுசு வாங்கலாம் என்று வாயைத் திறந்தால், "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்பான். இவள் சம்பாதித்ததெல்லாம் பையன் படிப்புக்கும் கூரைத் தகரத்துக்கும் போனது. "ஒரு நாள், ஒரே ஒரு பானையாவது என்னுதுன்னு சொல்லி அடுப்பிலே வைக்கணும் யோலா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வேறு ஆசை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டம் வந்தது. எல்சிரா ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டாள். பதிவு அலுவலகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு நாள் கிடைத்தது. நாள் கிடைத்த அன்று சாயங்காலமே நோல்ஃபா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "தால்காவுக்குப் போறோம். பெரிய கடையிலே கல்யாணப் பட்டியல் போடப் போறோம்" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் வெட்கப்பட்டாள்!

மூன்று பேரும் போனோம். கல்யாணப் பட்டியல் போடுகிற மேஜையில் கரோல் என்று ஒரு பெண் இருந்தாள். சுற்றிலும் இருபது வயசு ஜோடிகள். எவாரிஸ்தோவின் அடையாள எண்ணை வாங்கித் தட்டிக்கொண்டாள். விருந்தாளிகள் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், பட்டியல் வந்துவிடும்; அதில் இருப்பதைப் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம். பிறகு கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கொடுத்தாள். பிடித்த சாமானில் அதைக் காட்டி அழுத்தினால் பட்டியலில் ஏறிவிடுமாம். நோல்ஃபா அதை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சுட்டுவிடும் என்பது போல.

"அம்மா, இப்பல்லாம் யாரும் சாமானா எடுத்துக்கிறதில்லே," என்றாள் கரோல். "பட்டியல்லே எதையாவது போடுங்க. வர்ற பரிசையெல்லாம் பணம் ஏத்தின கார்டா மாத்திக்கலாம். அந்தக் காசிலே ஜோடிங்க கடற்கரைக்குப் போயிட்டு வர்றாங்க."

"டிவியா மாத்த முடியுமா?" என்றான் எவாரிஸ்தோ உடனே.

"முடியும் சார்."

"முடியாது," என்றாள் நோல்ஃபா. "கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கடற்கரையிலே என்ன செய்யறது? மணலைப் பொங்கித் திங்கறதா?"

அப்புறம் அவள் பானை பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் தூக்கி, கஞ்சி வடிப்பது போல ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அடியை விரல் முட்டியால் தட்டினாள். மூடியைப் போட்டு, திருகி, எடுத்து, மறுபடி போட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "என்னடி, ஜெபமா பண்றே?" என்றேன். "சும்மா இரு, கை பிடிச்சுப் பாக்குது" என்றாள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் ஒருத்தி சிரித்தாள். அதற்காக இவள் அசரவில்லை.

கடைசியில் கனமான அடி வைத்த எவர்சில்வர் செட் ஒன்றில் வந்து நின்றாள். பெரியது, நடுத்தரம், சின்னது, பொரிக்கிற சட்டி, எல்லாவற்றுக்கும் கண்ணாடி மூடி. துப்பாக்கியை வைத்து அழுத்தினாள். அது கீச்சென்றது. "அவ்வளவுதான், போலாம்" என்றாள். கரோல் திகைத்துப் போனாள்.

"அம்மா, பட்டியல்லே ஒரே ஒரு சாமான்தான் இருக்கு!"

"எனக்கு வேண்டியது அவ்வளவுதாம்மா. எல்லாரும் சேந்து வாங்கித் தரட்டும்."

அந்த வாரமே ஒரு கூத்து பண்ணினாள். பழைய இரும்பு வாங்குகிறவன் கைவண்டியோடு தெருவில் போனான். நோல்ஃபா வாசலுக்கு ஓடி அவனை நிறுத்தி, நீலப் பானை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்து வந்து வண்டியில் போட்டாள். நானும் கெட்டிலைத் தூக்கிக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை. "கொண்டு போப்பா, கண்ணுலே படாம கொண்டு போ" என்றாள். புதுசு வரும் வரைக்கும் சமைக்க என் பானை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டாள். எவாரிஸ்தோ வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்தான். என்னவோ சொல்ல வந்தான், பிறகு முழுங்கிவிட்டான். பானை போனதற்கா இந்த முகம் என்று நான் மனசுக்குள் சிரித்தேன்.

அடுத்த வாரம் கரோல் போன் பண்ணினாள். நோல்ஃபா மாவுக் கையோடு எடுத்தாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, வாழ்த்துகள்! செட் முழுசையும் ஒருத்தரே வாங்கிட்டாங்க. நாளைக்கே வண்டியிலே வந்துரும்."

"யாரும்மா அந்தப் புண்ணியவதி?"

"எல்சிரா பொப்லெதேன்னு ஒரு அம்மா. சார் நம்பரைப் பாக்காமலே மனப்பாடமா சொன்னாங்க. ஒரு சேதியும் சொல்லச் சொன்னாங்க. 'புதுசு வந்துருச்சு, பழசை எடுத்துக்க ஞாயித்துக்கிழமை வர்றேன்.' அவ்வளவுதாம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோல்ஃபா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை, அந்தப் பக்கம் வைத்த பிறகும்.

"என் கல்யாணப் பானையையும் அவளே வாங்கியிருக்கா," என்றாள். "யோலா, இதுவும் அவளுதா? சாகற வரைக்கும் அவ பானையிலேதானா நான்?"

மறுநாள் பெட்டி வந்தது. நோல்ஃபா அதைப் பிரிக்கவில்லை. கூடத்து மூலையில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடிவிட்டாள். நான் பிரித்துப் பார்க்கலாமே என்றதற்கு, கையை வெட்டிடுவேன் என்றாள். அதைவிட எனக்குப் பயம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். பழசை எடுக்க வருகிறாளாம்! பழசு எங்கே இருக்கிறது, எங்கேயாவது உலையில் உருகிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் தேநீரும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தோம். எல்சிரா வந்து கதவைத் தட்டினாள். குள்ளமாக, தலை முழுக்க நரைத்து, காலை இழுத்து நடந்து வந்தாள். கையில் மடித்த மாவுச் சாக்கு ஒன்று. எவாரிஸ்தோ எழுந்து கொல்லைப் பக்கம் போகப் பார்த்தான்.

"நீ உக்காரு," என்றாள் எல்சிரா. அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு நோல்ஃபாவிடம் திரும்பினாள். "தேத்தண்ணி வேணாம். பானைங்களை எடுத்துக்கிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

நோல்ஃபா பெட்டியின் மேலிருந்த துணியை உருவினாள். "இதோ இருக்கு உங்க பரிசு. திறக்கவே இல்லே. எடுத்துட்டுப் போங்க. உங்க எச்சில்லே நான் பொங்கினது போதும்."

"என் எச்சிலா?"

"நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க? 'வரப்போறவ என் எச்சில் பானையிலேயே பொங்கித் தின்னட்டும்'னு?"

எல்சிரா சாக்கை மேஜைமேல் வைத்தாள். பேயறைந்தவள் மாதிரி நோல்ஃபாவையே பார்த்தாள்.

"நானா சொன்னேன்? அது எங்கம்மா வாங்கினது. வருஷத்துக்கு ஒரு பன்னி வளத்து வித்து, ஒவ்வொண்ணா வாங்கிச் சேத்தா. நான் போனப்ப கையிலே ஒரு பையோட போனேன். அடுத்த மாசமே பானையைக் குடுத்தனுப்புன்னு இவனுக்குச் சொல்லி அனுப்பிச்சேன். எத்தனை தடவை ஆள் விட்டேன், கேளு இவனை! 'நோல்ஃபா தரமாட்டேங்கறா. கேட்டா உடைச்சுப் போட்டுருவேன்னு நிக்கறா'ன்னான். சரி, உடையாமலாவது இருக்கட்டும்னுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டிருந்தேன். உன்னை நான் திட்டாத நாளில்லே. இப்ப நீ பானைக்குப் பட்டியல் போட்டிருக்கேன்னு கேள்விப்பட்டேன். புதுசை வாங்கிக் குடுத்துட்டா பழசைத் தர மாட்டேன்னு சொல்ல இவளுக்கு வாய் ஏதுன்னுதான் வாங்கினேன்."

அடப்பாவி! ஒரு பானை வாங்கச் சோம்பேறித்தனப்பட்டு, இரண்டு பெண்களை முப்பது வருஷம் ஒருத்தியை ஒருத்தி சபிக்க வைத்திருக்கிறான். அவனோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்பவோ நடந்த கதை," என்றான். "சண்டை வேணாம்னுதான் அப்படிச் சொன்னேன். ரெண்டு பக்கமும் சமாதானமாத்தானே இருந்துச்சு?"



"பானைங்க எங்கே இருக்கு?" என்று கேட்டாள் எல்சிரா. அடுப்பை எட்டிப் பார்த்தாள். அங்கே என் பானை இருந்தது.

நோல்ஃபா பொய் சொல்லவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். ரெண்டு வாரமாச்சு. ஒண்ணுகூட மிச்சமில்லே."

எல்சிரா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் சாக்கை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தாள், பிறகு இன்னும் சின்னதாக. மடிக்க முடியாமல் போனதும் அழ ஆரம்பித்தாள். அந்த வயசில் தாயை நினைத்து அழுதாள். நோல்ஃபா நின்ற இடத்திலேயே நின்றாள். கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு பெட்டியைத் தூக்கினாள். "இது உங்க காசு. கனமான அடி, பயறு அடிப்பிடிக்காது. நான் பாத்துப் பாத்து எடுத்தது. உங்கம்மாவோடது ஆகாதுன்னு தெரியும். எடுத்துக்குங்க."

"எனக்கு எதுக்கு?"

"எனக்கு மட்டும் எதுக்கு?"

எவாரிஸ்தோ எழுந்து, "குடு, நான் தூக்கிக்கிட்டு வர்றேன்" என்று கையை நீட்டினான். "தொடாதே" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். நானும் நோல்ஃபாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பஸ் நிலையம் வரைக்கும் தூக்கிப் போனோம். எல்சிரா பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறும்போது, "மூடி உடையாம வச்சுக்குங்க, கண்ணாடி" என்றாள் நோல்ஃபா. 

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த நாலைந்து நாளும் நோல்ஃபா அவனிடம் சண்டை போடவில்லை. அது எனக்கே ஆச்சரியம். எம்பனாடா சுட்டாள், விற்றாள். அவன் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். கோட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, பதிவு அலுவலகத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தான். நோல்ஃபா கிளம்பி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். முறை வந்து அதிகாரி இரண்டு பேர் பெயரையும் கூப்பிட்டார். நோல்ஃபாவைக் காணோம்.

"ஓடு யோலா, எங்கே தொலைஞ்சா பாரு," என்றான்.

சதுக்கத்தைத் தாண்டி ஓடினேன். வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. சந்தைத் தெருப் பாத்திரக் கடையில் இருந்தாள், கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையோடு. ஒரு பானையைக் கையில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அங்கே பேரைக் கூப்பிட்டுட்டாங்க! மனுஷன் கோட்டோட காத்துக்கிட்டிருக்கான்!"

நோல்ஃபா அந்தப் பானையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்து, சாய்த்து, அடியைத் தட்டினாள்.

"காத்திருக்கட்டும்," என்றாள். "போய்ச் சொல்லு, பாத்திரம் பாத்துக்கிட்டிருக்கா, இன்னும் ஒண்ணும் பிடிக்கலேன்னு."