லாசர் அண்ணன் விழுங்கிய பாதி

லாசர் அண்ணன் ஒரு கோழை. எங்கள் பாய்ப்படகு கிளப்பின் கமிட்டி முன்னால் நின்று பாதியைச் சொன்னார், மீதியை விழுங்கிவிட்டார். அந்தப் பாதியால் இரண்டு மாதமாக ஊருக்கு நான் பொய்க்காரி.

பேய்க்கதை சொல்கிற ஆள் இல்லை நான். தம்பி சேதுவும் நானும் பழவங்காடியில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை வைத்திருக்கிறோம். ஒயர் சூடானால் லோடு அதிகம், ஃபியூஸ் போனால் ஷார்ட், காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று இருக்கிறவள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் யாராவது திருஷ்டி, காற்று கருப்பு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதை நீங்கள் நம்ப வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டு, நான் எந்த இடத்தில் பொய் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

நாங்கள் ஓட்டுவது இரண்டு பேர் ஓட்டும் பந்தயப் பாய்ப்படகு. பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயையும் பிடிப்பது நான். முன்பாய் சேதுவுக்கு. காற்று ஏறினால் படகு ஒரு பக்கம் சாயும். அப்போது அவன் பாய்மரத்தின் மேலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் வளையத்தை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் காலை ஊன்றி, மொத்த உடம்பையும் கடலுக்கு மேல் நீட்டி நிற்பான். அவன் எடைதான் படகைக் கவிழாமல் வைக்கும். அவன் எண்பத்தைந்து கிலோ, நான் ஐம்பது. ஒன்பது வருஷமாக இதே ஏற்பாடு. நான் ஒரு நாளும் கம்பியில் நின்றதில்லை. எனக்கு அது பயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானப் பயிற்சி. பாய், கம்பியெல்லாம் மாட்டிப் படகைக் கரையில் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன், சேது போன் பண்ணுகிறான்.

“அக்கா, லோடு எறங்கறது, கடையில ஆளில்லை. நீ மட்டும் கரையோரமா ஒரு ரவுண்டு போயிட்டு வா. அம்பது கிலோவை வெச்சுண்டு வெளில போகாதே, கேட்டோ?”

“போடா” என்று வைத்துவிட்டேன். கோபம். முன்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பெரிய பாயை மட்டும் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். காற்று அப்போது ஒன்றுமே இல்லை. கோவளத்துக்குத் தெற்கே எங்கள் கிளப் இருக்கும் சின்ன விரிகுடாவைத் தாண்டி, அதன் வாயில் நிற்கும் பாறையையும் தாண்டிப் போய்விட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணி இருக்கும், காற்று ஒரேயடியாக ஏறிவிட்டது. திரும்பினேன். படகு சாய்ந்தது, நான் விளிம்பில் உட்கார்ந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் சாய்ந்தேன், பாயைத் தளர்த்தினேன், ஒன்றும் பலிக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. கவிழ்ந்தால் என் எடையில் அதைத் திருப்பி நிமிர்த்த முடியாது. சரி, போச்சு என்றுதான் நினைத்தேன்.

படகு நிமிர்ந்தது.

காற்று குறையவில்லை, பாய் புடைத்துக்கொண்டுதான் நிற்கிறது, ஆனால் படகு தட்டையாக ஓடுகிறது. என்னடா என்று முன்னால் பார்த்தால், என் பக்கத்துக் கம்பி விறைத்து நிற்கிறது. ஆள் இல்லாவிட்டால் அது தொளதொளவென்று பாய்மரத்தோடு ஆடிக்கொண்டிருக்க வேண்டும். இது கடல் பக்கமாகச் சரிந்து, முறுக்கேறி, நுனி வளையம் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. வளையத்தில் எதுவும் இல்லை. கையை நீட்டிக் கம்பியைத் தொட்டேன். லோடு ஏறின கம்பி எப்படி அதிருமோ அப்படி அதிர்ந்தது. நம்பினால் நம்புங்கள், படகை மறுபக்கம் திருப்பினேன், இந்தக் கம்பி தொளதொளத்தது, அந்தப் பக்கத்துக் கம்பி விறைத்தது.

கத்தவில்லை. கரை போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. பாறையைச் சுற்றி உள்ளே வந்ததும் காற்று அடங்கியது, கம்பியும் தொங்கிவிட்டது.

எதிரே ரெஸ்க்யூ போட்டில் லாசர் அண்ணன் பாய்ந்து வருகிறார். குளச்சல்காரர், அந்த போட்டை ஓட்டுவதுதான் அவர் வேலை. கிளப்பில் சேதுவை விட்டால் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள், என்னை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்.

“மத்த ஆளு எங்க மக்களே?”

“எந்த ஆள்? நான் தனியாத்தான் வரேன்.”

“வெளையாடாத! ரெண்டு பேர நான் கண்ணால கண்டேன். பாறைக்க மறவுல ஒருத்தன் விழுந்திருக்கான்!”

நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் போட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயும் வரை தேடினார்கள், மீன்பிடி வள்ளங்கள் கூட வந்தன. யாரும் கிடைக்கவில்லை, யாரையும் காணோம் என்று எந்த வீட்டிலிருந்தும் தகவல் இல்லை. கடையிலிருந்து ஓடிவந்த சேது என்னைத் தனியே இழுத்து, “அக்கா, யாரைக் கூட்டிண்டு போனே?” என்று கேட்டான். என் தம்பியே கேட்டான்.

கமிட்டி கூடியது. இரண்டு பேரைப் பார்த்ததாக லாசர் அண்ணன் சொன்னார், அதோடு வாயை மூடிக்கொண்டார். “பேரு பறஞ்ஞா மதி மேடம்” என்கிறார் செயலாளர். கூட வந்தவன் பெயரைச் சொன்னால் போதுமாம்; சொல்லும் வரை நானும் சேதுவும் படகைத் தொடக்கூடாது. இல்லாத ஆளுக்கு என்ன பெயர் சொல்ல? எங்கள் தெருவில், “யாரையோ கடல்ல விட்டுட்டு வந்துட்டாளாமே” என்று என் காது படவே பேசுகிறார்கள்.

போன வாரம் லாசர் அண்ணனை அவர் வள்ளத்தின் பக்கத்திலேயே போய்ப் பிடித்தேன். “ஏன் பொய் சொன்னேள்?” என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“பொய்யில்ல மக்களே. கம்பியில நின்னது ஆருண்ணு நெனச்ச?”

“யாரு?”

“நீதான். ஒன்ன எனக்கு அறியாதா? மல்லாந்து நின்னு சிரிச்சிட்டு வந்த. பின்னால சுக்கான் பிடிச்சவனுக்க மொகத்தையும் கண்டேன், ஆருண்ணுதான் தெரியல்ல. பாறைக்கு இப்பறம் வரும்போ பின்னால நீ இருக்க, அவனக் காணல்ல. அவனத்தான் நாங்க தேடுனது.”

“இதை ஏன் கமிட்டியில சொல்லலை?”

“சொன்னா எனக்குத் தல கொழம்பிப்போச்சு, வட்டுண்ணு சொல்லுவானுவ. எனக்க வேலை போவும்.”

சிரித்திருக்க வேண்டும் நான். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதைக் கேட்ட நொடியிலிருந்து அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இரண்டு விதமாக ஞாபகம் வருகிறது. உள்ளங்கையில் சுக்கான் இருந்ததும் தெரிகிறது. வெளியே கம்பியில் நின்று பார்த்தால் மட்டும் தெரியக்கூடிய படகின் வெள்ளை அடிப்பாகமும், அதில் தண்ணீர் வழிவதும் தெரிகிறது. பின்னால் சுக்கானின் மேல் ஒரு கை, முழங்கை வரைக்கும். என் கை இல்லை. அதற்கு மேலே நான் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று தெரியவில்லை.

லாசர் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கமிட்டி திரும்பக் கூடுகிறது. நானும் வருவேன். வட்டு என்றால் நம் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லட்டும். என்னிடம் சொன்னதை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். சுக்கான் பிடித்தவன் முகத்தைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அது எப்படி இருந்தது?