பெங் வான்-ச்சியின் விலக்குப் பட்டியல்

ஜூபெய் நகரில் பேருந்துகளுக்கு நிரல் எழுதித் தரும் ஒரு சின்ன நிறுவனம். அங்கே பெங் வான்-ச்சிக்கு யாரும் கொடுக்காத பதவி ஒன்று இருந்தது. எல்லோரும் எழுதும் நிரல்கள் போய்ச் சேரும் பொதுக் களஞ்சியத்துக்கு அவள்தான் காவல். எந்தக் கோப்பு உள்ளே வரலாம், எது வரக் கூடாது என்ற விலக்குப் பட்டியல் அவள் கையில் இருந்தது. அலுவலகக் குளிர்பெட்டியின் காவலையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். பேர் எழுதாத சாப்பாட்டு டப்பா மதியம் வரை அங்கே உயிரோடு இருந்ததில்லை.

அவளுக்கு வாய்த்த சோதனை கூ ரூய்-மின். நல்ல பையன், நல்ல நிரல் எழுதுவான், கூடவே கையில் கிடைத்ததையெல்லாம் களஞ்சியத்தில் தள்ளிவிடுவான். ஒருநாள் கரோக்கே கடையில் அவன் பாடிய பாட்டுகள் முழுக்க உள்ளே வந்துவிட்டன.

"அக்கா, தெரியாம போயிருச்சு."

"பாட்டு போனதைக் கூட மன்னிச்சிடுவேன். இப்படிப் பாடினதை எப்படிடா மன்னிக்கிறது?"

பாட்டுகளை அழித்தாள். அன்றே பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்: ஒலிக் கோப்பு எதுவும் இனி உள்ளே வரக் கூடாது. தடுத்த கோப்பைப் பற்றி அந்தப் பட்டியல் யாரிடமும் மூச்சு விடாது. வான்-ச்சிக்கு அதில் பிடித்த குணமே அதுதான்.

மறு வருஷம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வேலை வந்தது. பேருந்துகளில் நிறுத்தத்தின் பேரை, அந்தப் பக்கத்து மக்கள் வீட்டில் பேசும் ஹக்கா மொழியிலும் சொல்ல வேண்டுமாம். மாண்டரினுக்கு இயந்திரக் குரல் இருந்தது. ஹக்காவுக்கு மனிதர் பேச வேண்டும். மேலாளர் துங் அதை ரூய்-மினிடம் கொடுத்தார். அவன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வியர்க்க வியர்க்க ஒவ்வொரு நிறுத்தத்தையும் பேசிப் பதிவு செய்தான். கோப்புகளைக் களஞ்சியத்தில் சேர்த்தான். சேர்ந்ததாக நினைத்தான். அவன் கணினியில் எல்லாம் அழகாக ஒலித்தது.

தொடக்க நாளன்று, பூமாலை போட்ட பேருந்தில் மாவட்ட அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் சந்தைக்குப் போகும் கிழவிகள். துங்கும் வான்-ச்சியும் ரூய்-மினும் நடுவில் நின்றார்கள். முதல் நிறுத்தம் வந்தது. மாண்டரின் அறிவிப்பு முடிந்ததும் ஹக்காவில் ஒரு பெண் குரல் கணீரென்று கேட்டது:

"எனக்கு ஒரு தட்டு நூடுல்ஸ். வெங்காயத்தாள் போடாதே, சொல்லிட்டேன்!"

வான்-ச்சியின் குரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒலிவாங்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பேசியது. ஒரு நிறுத்தத்தின் பதிவு கிடைக்காவிட்டால் அந்தச் சோதனைப் பதிவை ஒலிக்கும்படி நிரல் இருந்தது. விலக்குப் பட்டியல் புதிதாக வருவதைத்தான் தடுக்கும். முன்பே உள்ளே உட்கார்ந்துவிட்டதைத் தொடாது. அவளுடைய தடை ரூய்-மினின் பதிவுகள் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவளுடைய நூடுல்ஸை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது.

அடுத்த நிறுத்தத்திலும் நூடுல்ஸ். அதற்கடுத்ததிலும்.

அதிகாரிகளுக்கு ஹக்கா தெரியாது. ஒவ்வொரு முறையும் பக்தியோடு தலையாட்டினார்கள். தலைமை அதிகாரி துங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மண்ணோட குரல் சார் இது. இயந்திரத்துல இந்த உணர்ச்சி வருமா?"

பின்னால் கிழவிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "ஏம்மா, கடை எந்த ஸ்டாப்புல இருக்கு? அதையும் சொல்லேன்!"

ரூய்-மின் சிரிக்கவில்லை. இறங்கியதும் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, என் குரலையும் குப்பைன்னு ஒதுக்கிட்டீங்களா?"

"உன் பாட்டைத்தான்டா ஒதுக்கினேன்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அது பதிலாகத் தோன்றவில்லை. "யாரையும் கேட்காம அந்த வரியைப் போட்டேன். தப்பு என்னோடதுதான்."

அலுவலகம் திரும்பியதும் பட்டியலைத் திறந்து, அறிவிப்புக் கோப்புறைக்கு மட்டும் அந்தத் தடை இல்லை என்று இன்னொரு வரி எழுதினாள். தன் சோதனைப் பதிவைக் களஞ்சியத்திலிருந்து எடுத்தாள். ஆனாலும் அழித்ததையும் மறக்காத களஞ்சியத்தின் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்; புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்துக் கேட்பார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

சில வாரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி. முதல் நாள் பேசிய அம்மாவின் குரல் ஏன் மாறிவிட்டது, அதுதானே அசல் ஹக்கா என்று கேட்டார்கள். துங் தொண்டையைச் செருமி, "அவங்க ஓய்வு எடுத்துக்கிட்டாங்க சார்," என்றார்.

ஒரு சனிக்கிழமை வான்-ச்சி, ரூய்-மினையும் இழுத்துக்கொண்டு அந்தப் பேருந்தில் ஏறினாள். அவன் குரல் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அவள் பிறந்த ஊரின் பேர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னடா இது, மியாவ்லிக்காரன் மாதிரி இழுக்கிறே? எங்க ஊரை நாங்க இப்படிச் சொல்ல மாட்டோம்."

"எங்க அம்மா அப்படித்தான் சொல்வாங்க."

"உங்க அம்மா எந்த ஊரு?"

"மியாவ்லி."

கடைசி நிறுத்தம் வரை இருவரும் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள். முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி உட்கார்ந்து, இரண்டு பேர் சொல்வதும் தவறு என்றார்.